சிபியு போயிருச்சு, அண்ணாச்சி

எங்கள் ஊரில் கம்ப்யூட்டர் பெட்டிக்குப் பெயர் சிபியு. சிவகாசி என்றில்லை, தமிழ்நாடு முழுக்க அப்படித்தான். மானிட்டர், கீபோர்டு, மவுஸ் போக மேஜைக்குக் கீழே நிற்கிற தகரப் பெட்டி எதுவோ அது சிபியு. அதற்குள்ளே ஒரு தீப்பெட்டியைவிடச் சின்னதாக உட்கார்ந்திருக்கிற அசல் சிபியுவை நாங்கள் பிராசசர் என்போம். இந்தப் பெயர்க் குழப்பம் சர்வீஸ் கடைக்காரனுக்கு ரொம்ப வசதி. "சிபியு போயிருச்சு" என்று சொன்னால் எதிரில் நிற்பவருக்கு மொத்தப் பெட்டியும் போன மாதிரி முகம் வெளுத்துவிடும். கொஞ்சம் விட்டு, "பிராசசரும் போர்டும் மாத்துனா ஓடிரும்" என்றால் நிம்மதியாகப் பையில் கை விடுவார். 2008 மே மாதம் நான் ஒரு மனிதரிடம் இந்த வாக்கியத்தைச் சொன்னேன். ஏமாற்ற நினைத்துச் சொல்லவில்லை. நம்பித்தான் சொன்னேன். ஆனால் தப்பு.

அவர் டிடிபி வேலை பார்க்கிறவர். அண்ணாச்சி என்று கூப்பிடுவேன். ஒரு ஆப்செட் பிரஸ்ஸுக்கு மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட அறையில் உட்கார்ந்து காலண்டர் டிசைன் செய்வார். சிவகாசிக் காலண்டர் தொழில் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: அடுத்த வருஷக் காலண்டருக்கான சாம்பிள் ஆல்பம் ஆடிப் பதினெட்டுக்கு வெளியே வரும். அன்றைக்குத்தான் ஏஜெண்டுகள் ஆல்பத்தைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகக் கிளம்புவார்கள். அப்படியென்றால் முருகனும் லட்சுமியும் குழந்தைகளும் இயற்கைக் காட்சியும் டிசைன் ஆவது எப்போது? சித்திரை, வைகாசி, ஆனி. கத்திரி வெயில் உச்சந்தலையில் நிற்கிற அந்த மூன்று மாசம்தான் டிடிபிக்காரர்களுக்குத் தூக்கமில்லாத சீசன். மழை குறைந்த, காய்ந்த ஊர் என்பதால்தான் இங்கே தீப்பெட்டியும் பட்டாசும் வந்தன என்பார்கள். அந்த வறட்சிக்கு நடுவில், மேலே ஆஸ்பெஸ்டாஸ், கீழே பிரஸ் மிஷின் சூடு, இரண்டுக்கும் இடையில் அண்ணாச்சியின் பென்டியம் 4.

அவருக்கு மிஷின் மேல் ஒரு கரிசனம் உண்டு. மத்தியானம் சாப்பிடப் போகும்போது அணைத்துவிட்டுப் போவார். "அதுவும் மூச்சு விடணும்ல தம்பி" என்பார். பெட்டியின் பக்கக் கதவைக் கழற்றி வைத்து ஒரு டேபிள் ஃபேனை அதன் முகத்துக்கு நேராகத் திருப்பி வைத்திருப்பார். தனக்குக் காற்று வராவிட்டாலும் பரவாயில்லை. அந்த ஃபேன்தான் பாதி வினை. ஆப்செட் பிரஸ்ஸில் அச்சான தாள் ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க மாவு மாதிரி ஒரு பவுடரைத் தூவுவார்கள். கட்டிங் மிஷினிலிருந்து பேப்பர் தூசி வேறு. இரண்டும் கலந்து மாடிக்கு ஏறி, ஃபேன் வழியாகப் பெட்டிக்குள் போய், ஹீட்சிங்க்கின் தகடுகளுக்கு நடுவில் கம்பளி மாதிரிப் படிந்துவிடும். பிரஷ் வைத்துத் தள்ளினால் உதிராது. உரித்துத்தான் எடுக்க வேண்டும். இருபத்து நாலு வருஷ சர்வீஸில் பலவிதத் தூசியைப் பார்த்துவிட்டேன். மில் தூசி பஞ்சாக வரும், அரிசிக்கடைத் தூசியில் வண்டு இருக்கும். பிரஸ் தூசிக்கு நிகரான அடைப்பு எதிலும் கிடையாது.

"ரெண்டு வாரமா தானா ரீஸ்டார்ட் ஆகுது தம்பி. இன்னைக்கு டிஸ்ப்ளேயே வரல. ஃபேன் மட்டும் சுத்துது" என்று தூக்கிக்கொண்டு வந்தார். ஹீட்சிங்க் அடைந்து கிடந்தது. கிளிப்பை விடுவித்து இழுத்தேன். சாக்கெட்டின் லீவர் பூட்டியிருக்க, பிராசசர் ஹீட்சிங்க்கோடு ஒட்டிக்கொண்டு பின்னோடு பிடுங்கி வந்தது. நடுவிலிருந்த பேஸ்ட் சுண்ணாம்பாகக் காய்ந்து இறுகியிருந்தது. நாலைந்து பின் வளைந்திருந்தது. அந்த ஒரு காட்சியிலேயே எனக்கு விஷயம் முடிந்துவிட்டது. "வெந்துபோச்சு அண்ணாச்சி. சிபியு போயிருச்சு."

அந்தச் சாக்கெட்டில் வேறொரு போர்டு கடையில் இல்லை. இரண்டு நாள் பொறுத்தால் மதுரையிலிருந்து வரவழைத்துப் போட்டுப் பார்த்திருக்கலாம். அவருக்கு இரண்டு நாள் இல்லை. எனக்கும் இல்லை, மேஜையில் ஒன்பது மிஷின் வரிசையில் நின்றது. பழைய மாடல் பிராசசர் புதிதாகக் கிடைக்காது என்பதால் போர்டு, பிராசசர், ரேம் மூன்றையும் மாற்ற வேண்டும், ரூ.11,000 ஆகும் என்றேன். பழைய போர்டையும் பிராசசரையும் எக்ஸ்சேஞ்சில் எடுத்துக்கொண்டதாகப் பேச்சு. அதன் மதிப்பைக் கழித்த பிறகுதான் அந்தப் பதினோராயிரம். மொத்தமாகக் கட்ட அவரிடம் இல்லை. எங்கள் ஊரில் சம்பள நாள் சனிக்கிழமை. சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை ஐநூறு என்று முடிவானது. இருபத்திரண்டு சனிக்கிழமை. ஒரு வாரமும் தவறாமல் வந்து, என் நோட்டில் எதிரில் கையெழுத்துப் போட்டு, டீ குடித்துவிட்டுப் போவார். கடைசி ஐநூறு அந்த வருஷத் தீபாவளிக்குக் கொஞ்சம் முன்னால் வந்தது.

நான் ஏன் அவ்வளவு நிச்சயமாக இருந்தேன் என்பதற்கு ஒரு முன்கதை இருக்கிறது. 2001இல் டாம்ஸ் ஹார்டுவேர் என்கிற இணையத்தளம் ஒரு வீடியோ வெளியிட்டது. எங்களுக்கு அது கொஞ்சம் தாமதமாக, யாரோ சிடியில் எழுதிக் கொடுத்து வந்து சேர்ந்தது. கேம் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிராசசரின் மேலிருந்து ஹீட்சிங்க்கைக் கழற்றிவிடுவார்கள். ஏஎம்டியின் ஆத்லான் சில நொடிகளில் புகை விட்டுச் செத்தது. பென்டியம் 3 உறைந்து நின்றது, ஆனால் சாகவில்லை. பென்டியம் 4 நிற்கவே இல்லை. கேம் மட்டும் நொண்டி நொண்டி நகர்ந்தது. ஹீட்சிங்க்கை மறுபடி வைத்ததும் பழைய வேகத்துக்கு வந்தது. கம்ப்யூட்டர் சர்வீஸ் படித்த அத்தனை பையன்களும் அன்றைக்கு அந்த வீடியோவைப் பார்த்தோம். எல்லாருக்கும் ஞாபகத்தில் நின்றது புகை. எனக்கும் அதேதான். பென்டியம் 4 பிழைத்தது என்பதுதான் அந்த வீடியோவின் செய்தி. அண்ணாச்சியிடம் இருந்ததும் பென்டியம் 4தான்.

அது பிழைத்த விதம் எளிமையானது. பிராசசருக்குள்ளேயே வெப்பத்தை அளக்கிற உணர்வான் இருக்கிறது. எல்லையைத் தொட்டதும் கடிகாரத் துடிப்புகளில் சிலவற்றை விழுங்கிவிடும். வேலை செய், சும்மா இரு, வேலை செய், சும்மா இரு என்று மாறி மாறி. பின்னால் வந்த பிராசசர்கள் இன்னும் கெட்டிக்காரத்தனமாக, வேகத்தோடு வோல்டேஜையும் சேர்த்துக் குறைக்கின்றன. மின்செலவு வோல்டேஜின் வர்க்கத்தோடு ஏறி இறங்குகிறது என்பதால் கொஞ்சம் வோல்டேஜ் குறைத்தாலே சூடு வேகமாக இறங்கும். அப்படியும் அடங்காமல் ஏறினால் கடைசியில் தன்னைத்தானே அணைத்துக்கொள்ளும். இதைத்தான் தெர்மல் த்ராட்லிங் என்கிறார்கள். வாடிக்கையாளர் வாயில் இதற்குப் பெயர் "ஸ்லோவா இருக்கு, வைரஸ் போல." எத்தனை மிஷினை நாங்கள் ஃபார்மட் செய்திருப்போம் இதற்காக! விண்டோஸைப் புதிதாகப் போட்டுக் கொடுத்தால் மறுநாளே திரும்ப வரும். ஊதிக் கொடுத்தால் வராது. பிளோயருக்கு ஐம்பது ரூபாய்தான் கேட்க முடியும், ஃபார்மட்டுக்கு முன்னூறு கேட்கலாம் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

2010இல் கடைக்கு ஒரு பையன் வேலை கற்றுக்கொள்ள வந்தான். சால்டரிங் பழக எதையாவது கொடுக்க வேண்டுமே என்று பரணில் கிடந்த செத்த போர்டுகளைத் தூக்கிப் போட்டேன். நாலாம் நாள் கூப்பிட்டான். "அண்ணே, இந்த போர்டுல கெப்பாசிட்டர் ஏழு உப்பியிருந்துச்சு, மாத்திட்டேன். பிராசசர் ஏதாவது இருக்கா, போட்டுப் பாக்கலாம்." டிராயரில் ஒன்று இருந்தது. பின் வளைந்த அதே பிராசசர். சாவி வளையத்தில் மாட்டலாம் என்று வைத்திருந்தேன். அவன் மைக்ரோ டிப் பென்சிலின் முனையை ஒவ்வொரு பின்னிலும் நுழைத்து நிமிர்த்தினான். லீவரைப் போட்டு, பவர் கொடுத்ததும் ஒரு பீப். திரையில் பென்டியம் 4, 3.00 கிகாஹெர்ட்ஸ் என்று எழுத்து வந்தது.

போர்டில் சிவப்பு மார்க்கரால் நான் எழுதிய தேதி இருந்தது. அண்ணாச்சியின் போர்டு. ஏழு கெப்பாசிட்டருக்கு ஆன செலவு ஐம்பது ரூபாய்க்குள். அன்றைக்கு அது தெரிந்திருந்தால் கூலியோடு முன்னூறு ரூபாயில் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை.

நான் அவரிடம் சொல்லவில்லை. அந்த வாரம் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு அடுத்த வாரம். அவர் என் கடை வழியாகத்தான் தினமும் பிரஸ்ஸுக்குப் போவார்.

சொல்லாமல் இருந்த அந்த நாட்களில் ஒரு காரியம் செய்தேன். உண்மையில் என்ன நடந்தது என்று படிக்க ஆரம்பித்தேன். குற்றம் செய்தவன் சட்டம் படிப்பது மாதிரி. முதலில் கெப்பாசிட்டர். போர்டில் பிராசசரைச் சுற்றி உருளை உருளையாக நிற்குமே, அவைதான். அதன் உடம்பிலேயே 105 டிகிரி என்று அச்சடித்திருக்கும். சாதாரண வகைக்கு அந்த வெப்பத்தில் ஆயுள் 2,000 மணி நேரம். வெறும் எண்பத்து மூன்று நாள்! ஆனால் பத்து டிகிரி குறையக் குறைய ஆயுள் இரட்டிப்பாகும் என்பது தொழிலில் எல்லாரும் கைக்கொள்கிற கணக்கு. 95இல் 4,000. 85இல் 8,000. 75இல் 16,000. அண்ணாச்சி தினம் பதினொரு மணி நேரம் ஓட்டுகிறவர். 16,000 மணியை அதால் வகுத்தால் கிட்டத்தட்ட நாலு வருஷம். மிஷின் வாங்கியது 2004 நடுவில், போனது 2008 மே. கணக்கு இவ்வளவு அழகாகப் பொருந்தியதும் எனக்குச் சந்தேகம்தான் வந்தது. நான் அங்கே வெப்பத்தை அளக்கவில்லையே. தவிர, அந்தக் காலகட்டத்தில் உலகம் முழுக்கப் பல கம்பெனிப் போர்டுகளில் கெப்பாசிட்டர்கள் உப்பிச் செத்தன. உள்ளே ஊற்றிய எலக்ட்ரோலைட்டே கோளாறு. அதனால் சூடு பாதி, சரக்கு பாதி என்று வைத்துக்கொள்ளலாம்.

இதில் என்னை உறுத்தியது வேறு. அண்ணாச்சியின் பிராசசர் பிரெஸ்காட் ரகம். 89 வாட் சூட்டைக் கக்கும் என்று அதைச் செய்த கம்பெனியே குறித்திருந்த சில்லு. அதற்குச் சூடு ஏறினால் தன் வேகத்தைக் குறைத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். ஆனால் அதன் ஃபேன் தள்ளுகிற அனல் நேராகப் போய் விழுவது சுற்றி நிற்கிற கெப்பாசிட்டர்கள் மேலே. அவற்றுக்கு உணர்வானும் கிடையாது, வேகம் குறைக்க வழியும் கிடையாது. வெப்பமானி பிராசசரின் வயிற்றுக்குள் இருக்கிறது. அது தன் சூட்டை மட்டும்தான் பார்க்கும். நான் பழியைப் போட்டது பிழைத்தவன் மேல்.

அப்படியானால் சூடு பிராசசரை ஒன்றும் செய்யாதா என்றால், செய்யும். மெதுவாகச் செய்யும். சில்லுக்குள் ஓடுகிற கம்பிகள் மயிரிழையை எத்தனையோ ஆயிரமாகப் பிளந்த மெல்லிசு. அதில் எலக்ட்ரான்கள் பாய்கிற வேகத்தில் உலோக அணுக்களையே கொஞ்சம் கொஞ்சமாக இடம் பெயர்த்துக்கொண்டு போகும். கண்மாய் மடையில் தண்ணீர் வேகமாக வந்தால் ஒரு பக்கம் மண் அரித்து இன்னொரு பக்கம் மேடு தட்டுமே, அந்த மாதிரி. அரித்த இடத்தில் கம்பி அறுந்துவிடும், மேடு தட்டிய இடத்தில் பக்கத்துக் கம்பியைத் தொட்டுவிடும். எலக்ட்ரோமைக்ரேஷன் என்று பெயர். மோட்டரோலாவில் இருந்த ஜேம்ஸ் பிளாக் என்பவர் 1969 வாக்கில் இதற்கு ஒரு சமன்பாடு கொடுத்தார்: மின்னோட்ட அடர்த்தி கூடினால் ஆயுள் அதன் வர்க்கத்தில் குறையும், வெப்பம் கூடினால் அடுக்குக்குறியில் குறையும். வெப்பப் பகுதி ஸ்வீடனைச் சேர்ந்த அரீனியஸ் 1889இல் ரசாயன வினைகளுக்காகச் சொன்ன அதே உறவு. கெப்பாசிட்டரின் பத்து டிகிரிக் கணக்கும் அவர் வீட்டுப் பிள்ளைதான். அலுமினியக் கம்பிகளை விட்டுத் தாமிரத்துக்கு மாறும் வழியை 1997இல் ஐபிஎம் அறிவித்ததற்கும் இந்த அரிப்பு ஒரு காரணம். தாமிரத்தின் அணுக்கள் அவ்வளவு சுலபத்தில் நகராது.

இதற்கு மேல் டிரான்சிஸ்டர்களுக்கே மூப்பு உண்டு. சூடும் வோல்டேஜும் சேர்ந்து நெடுநாள் அழுத்தினால் அவை திறப்பதற்கு முன்னைவிடக் கொஞ்சம் அதிக வோல்டேஜ் கேட்க ஆரம்பிக்கும். முட்டி தேய்ந்தவன் படியேறுகிற மாதிரி. சில்லு செய்கிறவர்களுக்கு இதெல்லாம் தெரியும். பல வருஷம் எல்லை வெப்பத்துக்குப் பக்கத்தில் ஓடினாலும் தாங்குகிற மாதிரிக் கையிருப்பு வைத்துத்தான் வேகத்தை நிர்ணயிக்கிறார்கள். 2022இல் வந்த ரைசன் 7000 வரிசையில் 95 டிகிரி வரை போய் அங்கேயே நின்று வேலை செய்வதுதான் வடிவமைப்பு என்று ஏஎம்டியே சொன்னது. என் கடைக்கு வருகிற பையன்கள் அந்த எண்ணைத் திரையில் பார்த்துவிட்டு, "அண்ணே, வெடிச்சிருமா?" என்று ஓடி வருகிறார்கள். வெடிக்காது.

என் கடைக் கணக்கைச் சொல்கிறேன். இத்தனை வருஷத்தில் ஆயிரக்கணக்கில் மிஷின் பார்த்தாயிற்று. போர்டு நன்றாக இருந்து, எஸ்எம்பிஎஸ் நன்றாக இருந்து, பிராசசர் மட்டும் செத்தது என்று வேறு போர்டில் போட்டு உறுதி செய்தவை ஒரு கை விரலுக்குள் அடங்கும். அதிலும் இரண்டு இடி விழுந்த கேஸ். "பிராசசர் அவுட்" என்று நான் வாயால் சொன்னவை எத்தனை என்று கணக்கில்லை. அதை எண்ணப் பயமாக இருக்கிறது.

இன்னொரு கதையையும் சொல்லாமல் தாண்ட முடியாது. 2012இல் சென்னைக்கு வெளியே தமிழ்நாடு முழுக்க மின்வெட்டு. ஒரு மணி நேரம் கரண்ட், ஒரு மணி நேரம் கட். ராத்திரியும் அப்படித்தான். அந்த வருஷம் எனக்கு வந்த லேப்டாப்களில் பாதிக்கு ஒரே நோய்: டிஸ்ப்ளே இல்லை. சூடு கூடிவிட்டதா? கூடவில்லை. சொல்லப்போனால் மிஷின்கள் ஓடிய நேரமே குறைவு. நடந்தது என்னவென்றால், சிலிக்கன் சூடானால் கொஞ்சம்தான் விரியும், கீழே இருக்கிற போர்டு அதைப்போல ஐந்தாறு மடங்கு விரியும். நடுவில் இரண்டையும் பிடித்துக்கொண்டிருப்பவை கடுகைவிடச் சின்ன ஈயப் பொட்டுகள். ஒவ்வொரு முறை சூடாகி ஆறும்போதும் அவை ஒரு இழுப்பு வாங்கும். தகரத்தை இப்படியும் அப்படியும் வளைத்தால் ஒரு கட்டத்தில் உடைகிற மாதிரி விரிசல் விடும். தொடர்ந்து 80 டிகிரியில் கிடப்பதைவிட, முப்பதுக்கும் எண்பதுக்கும் நடுவில் தினம் பத்து தடவை ஏறி இறங்குவது அந்தப் பொட்டுகளுக்கு மோசம். லேப்டாப் பேட்டரி தாங்கிக்கொள்ளாதா என்று கேட்கலாம். நல்ல பேட்டரி தாங்கும். எங்கள் ஊர் லேப்டாப்பில் பாதி, பேட்டரி செத்து, சார்ஜரிலேயே ஓடுகிறவை.

பெரிய கம்பெனிகளே இதில் மாட்டியிருக்கின்றன. எக்ஸ்பாக்ஸ் 360இல் சிவப்பு வளையம் எரிந்து செத்த கதைக்காக 2007இல் மைக்ரோசாஃப்ட் நூறு கோடி டாலருக்கு மேல் ஒதுக்கியது. போட்டு அணைத்துப் போட்டு அணைத்து உள் இணைப்புகள் உடைந்தன என்று பின்னால் அவர்களே சொன்னார்கள். அதற்கடுத்த வருஷம் என்விடியாவும் தன் லேப்டாப் கிராஃபிக்ஸ் சில்லுகளுக்காக இதே மாதிரி ஒரு பெரிய தொகையை ஒதுக்க வேண்டி வந்தது. மூச்சு விடட்டும் என்று அண்ணாச்சி மத்தியானம் அணைத்துவிட்டுப் போனாரே, அந்த ஒரு தடவையால் பெரிய கேடு வந்திருக்காது. ஆனால் நன்மையும் இல்லை.

அந்த 2012இல் நாங்கள் எல்லாரும் ஹாட் ஏர் கன் வாங்கினோம். செத்த லேப்டாப்பின் கிராஃபிக்ஸ் சில்லு மேல் அனலை ஊதினால் விரிசல் விட்ட இடம் தற்காலிகமாக ஒட்டிக்கொள்ளும். டிஸ்ப்ளே வந்துவிடும். ரூ.1,500, ஒரு மாச வாரண்டி. இரண்டு மூன்று மாசத்தில் மறுபடி போகும். வாரண்டி ஏன் ஒரு மாசம் என்று யாரும் கேட்டதில்லை.

சூடு கெட்டது என்பது வேத வாக்கு இல்லை என்பதற்கு இன்னொரு சாட்சியும் படித்தேன். கூகுள்காரர்கள் தங்களிடமிருந்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஹார்டு டிஸ்க்குகளை வைத்து 2007இல் ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். சூட்டுக்கும் சாவுக்கும் நினைத்த அளவு தொடர்பில்லை; மிக உயர்ந்த வெப்பத்தில்தான் தெரிந்தது; சில இடங்களில் குளிர்ந்த டிஸ்க்குகளே அதிகம் செத்திருந்தன. அதைப் படித்துவிட்டு, கடையில் ஹார்டு டிஸ்க்குக்கென்று விற்றுக்கொண்டிருந்த குட்டி ஃபேன்களை நிறுத்தினேன். அதை ஒரு பிராயச்சித்தம் என்று அப்போது நினைத்தேன். சிரிப்பாக இருக்கிறது.

சரி, அண்ணாச்சியின் பழைய பிராசசர். அதை அந்த போர்டோடு சேர்த்து என் கடையின் பில்லிங் மிஷினாக்கினேன். தகரக் கூரை, ஏசி கிடையாது, காலை ஒன்பதிலிருந்து ராத்திரி ஒன்பது வரை. 2010இலிருந்து 2017 வரை ஓடியது. கோடையில் மத்தியானம் இரண்டு மணிக்கு பில் அடிக்க மெதுவாகும், த்ராட்லிங். சாயந்தரம் சரியாகிவிடும். நான் வெந்துபோச்சு என்று தீர்ப்புச் சொன்ன பிறகு ஏழு வருஷம். கடைசியிலும் அது சாகவில்லை. ஜிஎஸ்டி வந்தது, புதிய பில்லிங் சாஃப்ட்வேர் எக்ஸ்பியில் ஏறவில்லை, நானே கழற்றி வைத்தேன். தினம் அதன் முன்னால் உட்கார்ந்துதான் அடுத்தவர்களுக்கு பில் போட்டேன் என்பதை நினைத்துப் பாருங்கள்.

2024இல் இன்டெல்லின் 13, 14ஆம் தலைமுறை பிராசசர்கள் தாமே நிலைகுலைவதாகப் புகார் கிளம்பியபோது, எனக்கு இதெல்லாம் திரும்ப ஞாபகம் வந்தது. அங்கே ஆராய்ந்து அவர்கள் கண்டது, சில்லுக்குத் தேவைக்கு மேல் வோல்டேஜ் போயிருக்கிறது. அதனாலும் சூட்டாலும் உள்ளே ஒரு சுற்று அகாலத்தில் மூப்படைந்திருக்கிறது. ஆகஸ்டில் மைக்ரோகோட் திருத்தம் கொடுத்தார்கள், வாரண்டியை இரண்டு வருஷம் நீட்டினார்கள். ஆனால் ஏற்கெனவே தேய்ந்தது தேய்ந்ததுதான், திருத்தம் அதைச் சரிசெய்யாது. த்ராட்லிங் என்கிற காவல்காரன் சூடு என்கிற ஒரு வாசலில்தான் நிற்கிறான். வோல்டேஜ் பின்வாசல் வழியாக வந்தால் அவனுக்குத் தெரியாது. "வேகத்த கொறைக்கிறத மட்டும் ஆஃப் பண்ணிக் குடுங்கண்ணே" என்று கேம் விளையாடுகிற பையன்கள் வருவார்கள். இருக்கிற ஒரு காவல்காரனையும் ஏன்டா வீட்டுக்கு அனுப்புற என்று திட்டி அனுப்புவேன்.

இந்த வருஷம் சித்திரையில் அண்ணாச்சியின் மகள் லேப்டாப்போடு வந்தாள். அப்பா மிஷின் வாங்கியபோது பாவாடை சட்டையில் கூட வந்தவள்; இப்போது அவள்தான் டிசைன் செய்கிறாள். அண்ணாச்சிக்குக் கண் முடியவில்லை. "சித்தப்பா, போட்டோஷாப் திறந்தாலே இழுக்குது. அப்பா புதுசு வாங்கிரலாம்னு சொல்லுறாரு. எழுபதாயிரம் ஆகும் போல." வாங்க வேண்டுமா என்பதுதான் கேள்வி. ஆல்பம் சீசன், பழைய அவசரம். பின்னால் அண்ணாச்சி நின்றுகொண்டிருந்தார்.

திறந்தேன். ஃபேனுக்கும் தகடுக்கும் நடுவில் அதே பிரஸ் தூசி, அதே கம்பளி. உரித்து எடுத்து, பழைய பேஸ்டைத் துடைத்து, புதிது தடவி மூடினேன். திறக்கும் முன் 100 டிகிரியைத் தொட்டு வேகம் பாதிக்கும் கீழே விழுந்துகொண்டிருந்தது. மூடிய பிறகு 78இல் நின்றது. வேலை முக்கால் மணி நேரம். "புதுசு வேண்டாம் பாப்பா. நானூறு ரூபா குடு. ஆறு மாசத்துக்கு ஒரு தடவை கொண்டு வா" என்றேன்.

அப்போது அண்ணாச்சி சொன்னார்: "அன்னைக்கே இப்படிச் சுத்தம் பண்ணியிருந்தா அந்த பிராசசரு வெந்திருக்காது, இல்ல தம்பி? நான்தான் கவனிக்காம விட்டுட்டேன்."

பதினேழு வருஷமாக அவர் அதைத் தன் தப்பு என்று வைத்திருந்திருக்கிறார். டிராயரைத் திறந்து அந்த பிராசசரை எடுத்து அவர் கையில் வைத்தேன். எல்லாவற்றையும் சொன்னேன். கெப்பாசிட்டர், ஐம்பது ரூபாய், ஏழு வருஷ பில்லிங், எதையும் விடவில்லை. மகள் என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அவர் பிராசசரைக் கண்ணுக்குக் கிட்டத்தில் கொண்டுபோய்ப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"எத்தன வாரம் கட்டுனேன்?"

"இருவத்திரெண்டு."

"ம்." டீ வந்தது. குடித்தார். "நீ போட்டுக் குடுத்த போர்ட நான் எட்டு வருஷம் ஓட்டுனேன். அதுவும் நல்லாத்தான் ஓடுச்சு. பாதி கழிச்சுக்க. அந்தக் கெப்பாசிட்டர் கூலி முந்நூறையும் கழிச்சுக்க."

"மொத்தமாவே தந்துருதேன் அண்ணாச்சி, இப்பவே..."

"மொத்தமா வேண்டாம். நான் எப்படிக் கட்டுனேனோ அப்படிக் குடு."

மகள், "அப்பா, என்னப்பா இது" என்று கையைப் பிடித்து இழுத்தாள். அவர் அசையவில்லை. ரூ.5,200. வாரம் ஐநூறு என்றால் பத்து வாரமும் ஒரு இருநூறும். பழைய நோட்டைத் தேடி எடுத்துப் புதிய பக்கத்தில் கோடு போட்டேன். இந்தத் தடவை கையெழுத்துப் போட வேண்டியது நான்.

சனிக்கிழமை சாயந்தரம் ஆறு மணிக்கு வருகிறார். ஐநூறை வாங்கி எண்ணாமல் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். லேப்டாப் இப்போது எத்தனை டிகிரி காட்டுகிறது என்று மகளுக்குப் போன் போட்டுக் கேட்டு, என்னிடம் சொல்வார். போன வாரம் 81. கொஞ்சம் ஏறியிருக்கிறது. இதுவரை ஆறு கையெழுத்து ஆகியிருக்கிறது.